அடுப்பில்லா அறைகளும் யார்க்‌ஷயர் புட்டிங்கும்

கிறிஸ்துமஸ் இதழுக்கு மேல்நாட்டுப் பலகாரம் ஒன்று வேண்டும், கேக்கும் பிளம் புட்டிங்கும் எல்லாரும் போட்டு அலுத்துவிட்டது, புதிதாக ஏதாவது, படம் பெரிதாக வருகிற மாதிரி என்று சொல்லி அனுப்பினார்கள். யார்க்‌ஷயர் புட்டிங் என்று முடிவாயிற்று. டெல்லியில் இருப்பவள் நான், அதனால் "கரோல் பாக் சமையலறையில் ஆங்கிலேய விருந்து" என்று தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள். எழுதி முடிப்பதற்குள் அந்தத் தலைப்பு கழன்று போனதற்குக் காரணம் கரோல் பாக்தான். இங்கே தமிழ் இளைஞர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் தெருக்களில் பலகாரத்தைப் பற்றிப் பேச எல்லாரும் தயார், சமையலறை மட்டும் இல்லை.

முதலில் பலகாரம். புட்டிங் என்றதும் கேரமல் வழியும் கிண்ணத்தை நினைப்பவர்கள் நாக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். இது உப்புப் போட்டது. மைதா, முட்டை, பால் மூன்றையும் தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, புகைகிற கொழுப்பில் ஊற்றி, 'அவன்' என்கிற சூட்டடுப்புக்குள் தள்ளிவிட்டால் கால் மணி நேரத்தில் கிண்ணத்தைத் தாண்டி எழுந்து நிற்கும். வெளியே மொறுமொறு, நடுவில் குழி. அந்தக் குழியில் கறிச்சாறை ஊற்றி, வாட்டிய மாட்டிறைச்சியோடு தின்பார்கள். ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது, புளிக்கவும் வைப்பதில்லை. மாவிலிருக்கும் நீர் சூட்டில் ஆவியாகி ஏறக்குறைய 1,600 மடங்கு பரவுகிறது. முட்டையும் மைதாவின் பசையும் அந்த ஆவியைப் பிடித்துவைத்து அப்படியே இறுகுகின்றன.

இங்கிலாந்தின் வடக்கே இது பிறந்த கதை சிக்கனத்தின் கதை. கணப்புக்கு முன்னால் கம்பியில் மாட்டிய இறைச்சி சுழலும்; சொட்டுகிற கொழுப்பை வீணாக்க மனமில்லாதவர்கள் கீழே மாவுத் தட்டை வைத்தார்கள். 1737இல் வெளியான ஒரு குடும்பக் கையேட்டில் இது சொட்டுக்கொழுப்புப் புட்டிங் என்ற பெயரில் இருக்கிறது. 1747இல் ஹன்னா கிளாஸ் தன் சமையல் நூலில் யார்க்‌ஷயர் என்ற ஊர்ப்பெயரைச் சேர்த்தார். அப்போதெல்லாம் அது தட்டையாகத்தான் இருந்தது. சதுரம் சதுரமாக வெட்டிப் பரிமாறினார்கள். இன்றைக்குப் படங்களில் பார்க்கிற கிரீடம் போன்ற உருவம் பின்னால் வந்தது. 2008இல் பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் நான்கு அங்குலமாவது உயரவில்லை என்றால் அது யார்க்‌ஷயர் புட்டிங்கே ஆகாது என்று அறிவித்தது. விஞ்ஞானிகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு போலும்.

எனக்கு இதில் பிடித்தது பரிமாறும் வரிசை. யார்க்‌ஷயர் வீடுகளில் புட்டிங் முதலில் வரும், இறைச்சி பிறகு. பிள்ளைகள் மாவையும் கறிச்சாறையும் வயிறு நிறையத் தின்றுவிட்டால் இறைச்சியில் அதிகம் கைவைக்க மாட்டார்கள் என்று கணக்கு. சோற்றை மலையாகக் குவித்துக் குழம்பில் இரண்டே துண்டு கறி போட்டு ஆறு பேருக்குப் பரிமாறிய நம் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி டெல்லி. இங்கே வாட்டிய மாட்டிறைச்சி என்றால் சட்டம் குறுக்கே நிற்கும். 1994ஆம் ஆண்டின் டெல்லி வேளாண் கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி பசு, கன்று, காளை, எருது எதையும் வெட்டக்கூடாது. வெளியூரில் வெட்டியதன் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம்தான். வெட்டினால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. எருமை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே டெல்லியின் 'பஃப்' என்பது எருமை. சரி, எருமையை வைத்துச் செய்யலாம் என்றால் வேறு சிக்கல். எருமைக்கறியில் கொழுப்பு குறைவு. வாட்டும்போது சொட்டவே சொட்டாது. புட்டிங்கின் கதையே சொட்டுக் கொழுப்பில் தொடங்குகிறது. சொட்டாத இறைச்சிக்குக் கீழே தட்டு வைத்து என்ன புண்ணியம்?

இவ்வளவு தடை உள்ள ஊரில் இதைப் பற்றி யாருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தால், பூசா சாலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். பூசா வளாகத்தில் 1960களிலிருந்து ஹோட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனம் ஒன்று இயங்குகிறது. நாடெங்கும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கும் பிள்ளைகள் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்யும் பட்டியல் ஒன்று உண்டு: எந்த இறைச்சிக்கு எது துணை. ஆட்டுக்கறி வறுவலுக்குப் புதினா சாஸ், பன்றிக்கு ஆப்பிள் சாஸ், மாட்டுக்கு யார்க்‌ஷயர் புட்டிங்கும் ஹார்ஸ்ரேடிஷ் சாஸும். தேர்வில் கேட்பார்கள், நேர்முகத்தில் கேட்பார்கள். மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து டை கட்டிக்கொண்டு நிற்கும் பையன் மளமளவென்று ஒப்பிப்பான். அதைத் தின்று பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? தின்னாமலே தெரிந்துவைத்திருப்பது ஒரு சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை.

நம் ஊர்ச் சமையல்காரர்கள் தின்னாமலே சமைத்தும் காட்டினார்கள். 1878இல் சென்னையில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். மெட்ராஸ் துரைமார் வீட்டுச் சமையல்காரர்களுக்கெல்லாம் அதில் ராமசாமி என்று ஒரே பெயர். ராமசாமியின் அழுக்குத் துணி முதல் அவனுடைய நினைவாற்றல் வரை கர்னலுக்குச் சொல்ல நிறைய இருந்தது. தான் தொடாத இறைச்சியை உப்புப் பார்க்காமலே பதமாக வாட்டி எடுத்த எத்தனையோ ராமசாமிகள் எழுதிய நூல் மட்டும் நம்மிடம் இல்லை. பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலை ஆங்கிலோ இந்திய வீடுகளின் ஞாயிற்றுக்கிழமை வறுவல் தனிக் கட்டுரைக்குரியது, இங்கே இடமில்லை.

செய்முறைக்கு வருகிறேன். கரோல் பாக்கில் வெஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் பக்கம் பழைய தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் ஓ.டி.ஜி. என்கிற மேசை அவன் அனேகமாக இருக்கும். ஜனவரியில் அதற்கு அங்கே என்ன வேலை என்றால், இட்லி மாவு. டெல்லிக் குளிர் நான்கைந்து டிகிரிக்கு இறங்கும்போது மாவு பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றுவார்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள், கடைசியில் அணைத்துவைத்த ஓ.டி.ஜி.யின் இளஞ்சூட்டில் தள்ளிக் கதவை மூடுவார்கள். அதே பெட்டியில் புளிக்கவே தேவையில்லாத மாவொன்று அரை மணி நேரத்தில் வேலையை முடிப்பதைப் பார்த்தால் மாமிகளுக்கே ஆற்றாமையாக இருக்கும்.

அளவுக்குத் தராசு வேண்டாம், டம்ளர் போதும். மூன்று முட்டையை உடைத்து டம்ளரில் ஊற்றி எதுவரை வருகிறது என்று பாருங்கள். அதே அளவு பால், அதே அளவு மைதா, அரை டீஸ்பூன் உப்பு. மைதாவின் நடுவே குழி பறித்து முட்டையைப் போட்டு நடுவிலிருந்து கலக்கிக்கொண்டே வந்து பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் கட்டி தட்டாது. கோதுமை மாவில் செய்யலாமா என்று கேட்பார்கள். தவிடு இருப்பதால் எழும்பாது, உடம்புக்கு நல்லது என்ற திருப்தி மட்டும் மிஞ்சும். கரைத்த மாவை ஒரு மணி நேரமாவது சும்மா விடுங்கள். மாவு நீரை உறிஞ்சிக்கொள்ள நேரம் வேண்டும்.

இப்போது சூடு. தோல்வி பெரும்பாலும் இங்கேதான். நம் வீட்டு ஓ.டி.ஜி.க்களின் திருகில் 230, 250 என்று எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் உண்மையான சூடு வேறு. கேக்குக்குப் பழகியவர்கள் 180இல் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். புட்டிங்குக்கு அது போதாது. திருகை முழுதும் திருப்பி, மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டையும் எரியவிட்டு, இருபது நிமிடமாவது வெறும் அவனைக் காய வையுங்கள். மஃபின் தட்டு இல்லாவிட்டால் எவர்சில்வர் கிண்ணங்கள் செய்யும். ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் கொழுப்பு விட்டு, அதையும் உள்ளே வைத்து லேசாகப் புகையும் வரை காய்ச்ச வேண்டும். குழிப்பணியாரக் கல்லில் எண்ணெய் காயாமல் மாவை ஊற்றினால் என்ன ஆகுமோ அதுவேதான் இங்கேயும்: அடியில் ஒட்டிக்கொண்டு சப்பென்று கிடக்கும். ஊற்றும்போது சுர்ரென்ற சத்தம் கேட்க வேண்டும். பாதிக் கிண்ணம் ஊற்றி உடனே கதவைச் சாத்திவிடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. எட்டிப் பார்க்கும் ஆசையில் திறந்தால், ஓரம் இறுகுவதற்கு முன் குளிர்காற்று பட்டு அமுங்கிப் போகும், பிறகு என்ன செய்தாலும் எழும்பாது.

என்ன கொழுப்பு? மாட்டுக் கொழுப்பு டெல்லியில் பேச்சுக்கே இல்லை. ஆட்டுக் கொழுப்பு மணமாக இருக்கும். ஆனால் டிசம்பர் மாதத்தில் தட்டு மேசைக்கு வருவதற்குள் இறுகி மேல்வாயில் மெழுகாக ஒட்டும். வெண்ணெய் கருகும். பஞ்சாபிகள் கடுகெண்ணெய் என்பார்கள். சூட்டைத் தாங்கும், ஆனால் அந்தக் காரம் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். என் ஓட்டு நெய்க்கு. 250 டிகிரி வரை கருகாமல் தாங்குகிறது, மைதாவின் வெறுமைக்கு ஒரு வாசனையும் சேர்க்கிறது. யார்க்‌ஷயர்க்காரர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஹார்ஸ்ரேடிஷுக்கு வெள்ளைக்காரர்கள் இங்கேயே மாற்றுக் கண்டுபிடித்தார்கள், அதுவும் நம் கொல்லையில். முருங்கையின் வேரைத் துருவி அந்தக் காரத்தை வரவழைத்தார்கள். முருங்கைக்கு ஆங்கிலத்தில் ஹார்ஸ்ரேடிஷ் மரம் என்று பெயர் வந்ததே அதனால். வேர்ப்பட்டையில் நச்சுத்தன்மை உண்டு என்பதால் அதைப் பின்பற்ற வேண்டாம். டெல்லிக் குளிர்காலச் சந்தையில் மலிவாகக் குவியும் முள்ளங்கியோடு கொஞ்சம் கடுகு அரைத்துத் தயிரில் கலந்தால் போதும். இறைச்சிக்கு ஆட்டுத்தொடையே கரோல் பாக்குக்குப் பொருத்தம். அஜ்மல் கான் சாலைக் கூட்டத்தில் நீந்தி வந்தவர்களுக்கு அதன் எலும்புச் சாறே கிரேவி.

சரி, இதெல்லாம் அவன் உள்ள வீட்டுக்கு. அவன் இல்லாதவர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தபோதுதான் கதையின் சுவாரசியமான பாதி கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நகரத்து ஏழைகள் பெரும்பாலோரிடம் அவன் கிடையாது. ஒற்றை அறைக் குடித்தனம், ஒரு சின்னக் கணப்பு, அவ்வளவுதான். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டில் மாவை ஊற்றி, மேலே ஒரு துண்டு இறைச்சியை வைத்து, தெருமுனை ரொட்டிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரொட்டி சுட்டு முடித்த பெரிய அடுப்பில் இன்னும் சூடு இருக்கும். கடைக்காரர் சில்லறை வாங்கிக்கொண்டு உள்ளே தள்ளுவார். சர்ச்சிலிருந்து திரும்பும்போது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். சார்லஸ் டிக்கன்ஸின் 1843ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் கதையில் கிராட்சிட் வீட்டு வாத்து வெந்ததும் ரொட்டிக்கடை அடுப்பில்தான். துரைமார் மேசையில் பார்த்து நாம் சீமான் பலகாரம் என்று நினைத்த ஒன்று, சொந்த அடுப்பில்லாதவர்களும் பொதுவில் சுட்டுத் தின்ற பலகாரம்.

பஞ்சாபிகளுக்கு இது புதிதில்லை. 1947க்குப் பிறகு மேற்கு பஞ்சாபிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் நிறைந்த வட்டாரம் கரோல் பாக். அவர்கள் ஊர்களில் 'சாஞ்சா சூல்ஹா' என்றொரு வழக்கம். தெருவுக்கு ஒரு பொதுத் தந்தூர். பெண்கள் வீட்டில் பிசைந்த மாவை எடுத்துக்கொண்டு வந்து, முறை வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். அந்த வழக்கமும் அகதிகளோடு டெல்லிக்கு வந்தது. வீடு சிறிது, விறகு விலை, வெயில் கொளுத்தும். ஆளுக்கொரு அடுப்பு எதற்கு?

இப்போது அதே கரோல் பாக்கில், பக்கத்துப் பழைய ராஜிந்தர் நகரில், மாடிப்படி ஏறிப் பாருங்கள். தமிழ்நாட்டின் அத்தனை மாவட்டத்திலிருந்தும் ஐ.ஏ.எஸ். கனவோடு வந்த பிள்ளைகள். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் இந்திய வரைபடம், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். பல அறைகளில் சமைக்க அனுமதி இல்லை. இருக்கும் ஒரே சமையல் கருவி மின்கெட்டில். அதில் முட்டை வேகும், நூடுல்ஸ் வேகும், சமயத்தில் சாதமும் வேகும், அதிலேயே மறுநாள் காலை காபிக்கு வெந்நீர். மற்றபடி டிஃபின் டப்பா, இல்லையென்றால் கைப்பேசியில் விரலை வைத்தால் வந்து நிற்கும் பொட்டலம். 2024 ஜூலையில் ராஜிந்தர் நகரில் பயிற்சி மைய நிலவறை ஒன்றில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்த பிறகு நிலவறைகளைப் பற்றி நாடே பேசியது, பேச வேண்டியதுதான். மேல்மாடி அறைகளில் இவர்கள் என்ன சாப்பிட்டு உயிர்வாழ்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை.

என் கவலை சத்து பற்றியது மட்டும் என்று எண்ண வேண்டாம். இருபத்திரண்டு வயதில் வந்து இருபத்தெட்டு வரை படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் வெங்காயம் நறுக்கப் பழகும் வயது அது. உப்பு எவ்வளவு என்பது கைக்குத் தெரியவரும் வயது. மாவு நீர்த்துவிட்டால் என்ன செய்வது, எண்ணெய் காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டு, திட்டு வாங்கி, கற்றுக்கொள்ளும் வயது. அந்த வருடங்களை அடுப்பே பார்க்காமல் கழித்துவிட்டு மாவட்ட ஆட்சியராகவே ஆனாலும், சத்துணவுக் கூடத்தை ஆய்வு செய்யப் போய் அண்டாவுக்கு முன்னால் நிற்கும்போது அவருக்கு என்ன தெரியும்? தேர்வில் தோற்று ஊருக்குத் திரும்புகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். வேலையும் இல்லை, ஒரு ரசம் வைக்கவும் தெரியாது. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இதைச் சொன்னால் பிற்போக்கு என்பார்கள். நான் ஆண்பிள்ளைகளை மனதில் வைத்தே சொல்கிறேன், அவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி வேறெங்கும் கிடைப்பதில்லை.

வீட்டுக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. நெருப்பு பயம், சாக்கடை அடைப்பு, மின்சாரச் சுமை, கரப்பான் பூச்சி. படிக்க வந்தவர்கள் படிக்கட்டும், சமையல் எதற்கு என்று பெற்றோரே கேட்கிறார்கள். சரி.

ஆனாலும் அறைக்கு அறை அடுப்பு வேண்டும் என்று யார் சொன்னது? ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பும் பஞ்சாபிப் பெண்களின் தந்தூரும் காட்டுகிற வழி எளிது: கட்டடத்துக்கு ஒன்று, பொதுவில். நான்கு மாடிக் கட்டடத்தில் மொட்டை மாடிப் படிக்கட்டுக்குக் கீழே எப்படியும் ஒரு மூலை சும்மா கிடக்கிறது. அங்கே மூன்றடி மேசை, ஒரு மின்னடுப்பு, ஒரு ஓ.டி.ஜி., தீயணைப்பான் ஒன்று, சுவரில் முறைப்பட்டியல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றே தொடங்கலாம். கோச்சிங் வகுப்பில் மாதிரித் தேர்வு இருந்தால் சாயங்காலம். பூசா சாலைத் தமிழ்ப் பள்ளிக்குப் போய்வந்த தலைமுறை இன்னும் இதே வட்டாரத்தில் இருக்கிறது. மாவு பொங்கவில்லை என்று பதினாறு வழி கண்டுபிடித்த மாமிகள் இருக்கிறார்கள். வாரம் ஒருவர் வந்து நின்றால் ஆறே மாதத்தில் பாதிக் கட்டடம் சமைக்கும்.

தொடக்கப் பாடமாக யார்க்‌ஷயர் புட்டிங்கையே சிபாரிசு செய்வேன், கிறிஸ்துமஸ் இதழுக்காக இல்லை. சாம்பார் மன்னிக்கும், புளி கூடினால் வெல்லம், உப்பு கூடினால் தண்ணீர். இது மன்னிக்காது. கொழுப்பு காய்ந்ததா இல்லையா, கதவைத் திறந்தாயா இல்லையா என்பதை இருபதாவது நிமிடம் எல்லாருக்கும் முன்னால் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று பொருள், விலையும் அதிகமில்லை. இறைச்சி ஆளுக்கு ஆள் மாறும். ஆட்டுக்கறிக்காரர்கள், கோழிக்காரர்கள், பக்கத்து அறை வடகிழக்கு நண்பரின் எருமைக்கறி, வெறும் வெங்காயக் குழம்பு ஊற்றித் தின்பவர்கள் என்று ஒரே தட்டைச் சுற்றி உட்காரலாம். தட்டுக்கு நடுவில் குழி வைத்திருப்பதே அதற்காகத்தான்.

மின்கட்டணம் என்று முனகுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. 1,600 வாட் ஓ.டி.ஜி. முக்கால் மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 1.2 யூனிட். மாதத்துக்கு நான்கு ஞாயிறு, ஐந்து யூனிட்டுக்குள். 2,000 வாட் கெய்சர் ஒன்று அரை மணி நேரம் எரிந்தாலே ஒரு யூனிட், அதுவும் தினமும். எப்படியும் அறைக்கு அறை துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வசூலிக்கிறார்கள், இதையும் பங்கு போட்டால் டீச்செலவு.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது முட்டை. கரோல் பாக் வீட்டுக்காரர்களில் சைவம் நிறையப் பேர். கறி கிடக்கட்டும், முட்டையே படியேறக் கூடாது என்று வாடகைப் பேச்சிலேயே சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. முட்டையில்லாமல் இந்தப் புட்டிங்கை எழுப்ப வழியில்லை. தயிர் ஊற்றினாலும் சோடா மாவு போட்டாலும் வேறு ஏதோ பலகாரம் வரும், இது வராது. அடுப்பு முதலில் வரட்டும். அதில் சக்கரவள்ளிக் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்துவிட்டு முட்டைச் சண்டையை அடுத்த குளிர்காலத்தில் போடலாம்.